காப்பீட்டு அட்டையா, வீடு தேடி வரும் மாத்திரையா?

தமிழ்நாட்டில் ஏழைகளின் உடல்நலத்துக்கென இரண்டு திட்டங்கள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறியது. இன்னொன்று, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்.

இதய அறுவை சிகிச்சை என்றால் காப்பீடுதான். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவைத் திட்டமே ஏற்பதால் நகையும் நிலமும் தப்பிக்கின்றன. ஆனால் அதற்கு வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டை வேண்டும். அலைய ஆளில்லாத வீட்டுக்கு இதுவே பெரிய சுவர். அப்புறம், அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் கைகொடுக்கிறது.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு அப்படியல்ல. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கும் நோய்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், சரி. அதை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சே! அதனால் கூலிக்காரர்தான் முதலில் மாத்திரையை விடுகிறார். அந்த இடைவெளியைத்தான் இரண்டாவது திட்டம் அடைக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். எழுந்து நடக்க முடியாதவருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இரண்டாவதற்கே கொடுப்பேன். பக்கவாதம் வந்தபின் கட்டணம் கட்டுவதைவிட வராமல் பார்ப்பது மலிவு. ஆனால் புற்றுநோய் வந்த வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது.