கண்காட்சித் திறப்பு இரவுக்கு கொடொக்ஸ் ரீரீ600 பிளாஷ்: ரீரீஎல் இல்லாதது இங்கே குறையில்லை

லோபிறௌ ஓவியத்தைப் படமெடுக்கப் போகிறவருக்கு முதல் எதிரி மினுக்கம். 1970களில் லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் கொமிக்ஸ், ஹொட்றொட் கார் பெயின்ற், பங்க் இசை என்று பல இடங்களிலிருந்தும் ஊறி வந்த கலை இது. எனாமல், ரெசின், ஸ்பிரே பெயின்ற் எல்லாம் அதன் சொந்தப் பொருட்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் மினிபஸ் எழுத்தையும் சினிமாக் கட்டவுட்டையும் ஓட்டோ ஸ்ரிக்கரையும் பார்த்து வளர்ந்த கை வரைகிற படமும் அப்படித்தான் பளபளக்கும். கமராவின் தலையில் பிளாஷைப் பூட்டி நேராக அடித்தால், ஓவியத்தின் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அந்தப் பொட்டுக்குள் இருந்த நிறம் போனது போனதுதான், எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க ஏலாது.

ஆகவே இந்த வேலைக்குப் பிளாஷ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அது கமராவை விட்டுத் தள்ளி நின்று வேலை செய்யுமா என்பதை. ரீரீ600 செய்யும். கொடொக்ஸின் 2.4 கிகாஹேர்ட்ஸ் றேடியோ உள்ளேயே இருக்கிறது. கமராவில் எக்ஸ்2ரீ போன்ற ஒரு ரிகரை, அதாவது தள்ளி நிற்கும் பிளாஷை அடிக்க வைக்கும் கருவியை, பூட்டினால் போதும், பலத்தையும் அங்கிருந்தே மாற்றலாம். நாலு ஏஏ பற்றரி. பலம் 1/1 முதல் 1/128 வரை. பிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் காட்டும் கைட் நம்பர் 200 மில்லிமீற்றர் சூமில் 60 என்பது கம்பனிக் கணக்கு. ஒரு மண்டபத்துக்கு இது தாராளம்.

இதில் ரீரீஎல் இல்லை, அதாவது லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தைக் கமரா அளந்து பிளாஷின் பலத்தைத் தானே தீர்மானிக்கும் வசதி இல்லை. கலியாண வீட்டில் உள்ளேயும் வெளியேயும் ஓடித் திரிகிறவருக்கு அது பெரிய இழப்பு, அவர் இதை வாங்க வேண்டாம். கண்காட்சி அறையில் நிலைமை வேறு. சுவர் அசையாது, ஓவியம் அசையாது, பிளாஷும் ஒரே இடத்தில் நிற்கும். ஒருதரம் சரிபார்த்த பலம் இரவு முழுக்கச் சரியாக இருக்கும். ரீரீஎல் பிளாஷோ கறுப்புப் பின்னணி ஓவியத்துக்கு முன் நிற்பவரின் முகத்தை வெளிற வைக்கும், வெள்ளைச் சுவருக்கு முன் நிற்பவரை இருட்டாக்கும். ஒரே அறையில் எடுத்த இருநூறு படமும் இருநூறு விதமாக வந்தால் பிறகு திருத்தி மாளாது.

வெளிச்சத்தை எதில் தெறிக்க விடுவது என்பதில்தான் யாழ்ப்பாணத்துச் சிக்கல் இருக்கிறது. இணையப் பாடங்கள் எல்லாம் கூரையைப் பார்த்து அடி என்று சொல்லும். பழைய வீட்டில் ஓட்டுக் கூரை, உயரம் அதிகம், சிலாகையும் ஓடும் கறுத்துப் போயிருக்கும். அடித்த வெளிச்சத்தில் பெரும்பங்கை அது விழுங்கும், திரும்பி வருகிற மிச்சமும் செம்மண் நிறத்தில் வரும். நாற்சார் வீட்டு முற்றத்தில் கண்காட்சி என்றால் கூரையே இல்லை, வெளிச்சம் வானத்துக்குப் போகும். அங்கே சுவரைப் பாவியுங்கள். வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால் இரண்டடிக்கு இரண்டடி றெஜிபோம் தகடு ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி, பிளாஷ் தலையை அதன் பக்கம் திருப்புங்கள். பிளாஷையும் அதே கம்பியில் கிளாம்ப் போட்டு, ஆள் உயரத்துக்கு மேலே பூட்டுவது நல்லது. நெரிசலான விறாந்தையில் ஸ்ராண்ட் வைத்தால் யாராவது தட்டி விழுத்துவார்கள்.

தொடக்க அமைப்பு: ஐஎஸ்ஓ 800, எஃப் 4, ஷட்டர் 1/50. பிளாஷ் 1/8 பலத்தில், இரண்டு மீற்றர் தள்ளியுள்ள வெள்ளைச் சுவரைப் பார்த்து. ஓவியத்தின் முன் நிற்பவர் அந்தச் சுவரிலிருந்து மூன்று மீற்றரில் இருந்தால் ஏறத்தாழச் சரியாக வரும், பிறகு ஒரு படி (வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது அல்லது பாதியாக்குவது) கூட்டிக் குறையுங்கள். ஷட்டரை 1/50இல் வைக்கக் காரணம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்இடி குமிழ் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/50 அல்லது 1/100 அந்தத் துடிப்போடு ஒத்துப் போகும். 1/160, 1/200 என்று போனால் சில படங்களில் கிடைக்கோடாக இருட்டுப் பட்டை விழும். 1/50இல் நடந்து போகிறவரின் விளிம்பு கொஞ்சம் இழுபடலாம். அறை வெளிச்சம் பிளாஷை விட ஒன்றரைப் படியாவது குறைவாக இருந்தால் அது கண்ணில் படாது.

மினுக்கம் எங்கே விழும் என்று படம் எடுக்க முன்னமே பார்க்கலாம். தகட்டிலோ சுவரிலோ வெளிச்சம் படுகிற இடத்தில் கூட வந்தவரின் கைபேசி டோர்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். கமரா நிற்கும் இடத்திலிருந்து ஓவியத்தைப் பாருங்கள். டோர்ச் எங்கே மின்னுகிறதோ அங்கேதான் பிளாஷும் மின்னும். மின்னல் ஓவியத்தின் சட்டத்துக்கு வெளியே போகும்வரை தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மினுக்கத்தைக் குறைக்கும் போலறைசர் பில்ற்றரை நம்பி இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம். பொன்தாளிலும் உலோகத் தூள் கலந்த பெயின்றிலும் தெறிக்கும் ஒளியை அது வெட்டாது.

நிறத்துக்கு வருவோம். ஓவியத்துக்கு மேலே மஞ்சள் எல்இடி ஸ்பொட் போட்டிருந்தால், பிளாஷ் பட்ட முகம் நீலம் பூசினதுபோல் தெரியும். முழு சீரீஓ ஜெல் என்ற செம்மஞ்சள் நிறத் தாள் ஒரு துண்டு வெட்டி பிளாஷ் முகத்தில் ரேப்பால் ஒட்டி, கமராவின் வைற் பலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள். ஜெல் முக்கால் படி வெளிச்சத்தைக் குடிக்கும், அதற்கேற்ப பலத்தைக் கூட்டுங்கள். பெட்டியில் ஜெல் வராது, தனியாக வாங்க வேணும்.

திறப்பு விழா என்றால் குத்துவிளக்கு இல்லாமல் இல்லை. பிரதம விருந்தினர் திரியைத் தொடும் கணத்தில் பிளாஷ் அடித்தால் சுடர் வெளிறிப் போகும், பித்தளைத் தண்டில் வெள்ளைக் கோடு விழும், பக்கத்தில் வைத்த நிறைகுடமும் மினுங்கும். ரிகரை அணைத்து விடுங்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100. மெழுகுதிரியின் வெளிச்சம் கீழிருந்து விரல்களிலும் நாடியிலும் படும், அதுதான் அந்தப் படத்தின் உயிர். முதல் திரி பிடித்து இரண்டாவதுக்குக் கை போகும்போது எடுங்கள், அப்போது ஒரு சுடராவது நிலையாக நிற்கும்.

குழப்பங்கள் சிலவற்றைச் சொல்ல வேணும். கொடொக்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், பலரும் றேடியோ சனல் 1ஐ மாற்றுவதில்லை. ஒரே விழாவுக்கு இரண்டு பேர் வந்தால் மற்றவர் அடிக்கும்போது உங்கள் பிளாஷும் வெடிக்கும். சனலை 11, 13 என்று எதற்காவது மாற்றி, ரிகரிலும் அதையே போடுங்கள். எஸ்1 என்ற ஒளி வழி ஸ்லேவ் முறையைத் தொடவே வேண்டாம், பத்திரிகைக்காரரின் ஒவ்வொரு பிளாஷுக்கும் உங்களுடையது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். முழுப் பலத்தில் தொடர்ந்து 30 அடிக்கு மேல் போனால் பத்து நிமிடம் ஆறவிடச் சொல்கிறது கையேடு. 1/8இல் வேலை செய்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

பற்றரியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்டிக்கடைச் சாதா ஏஏ பற்றரியால் பிளாஷுக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது, சில அடியிலேயே ரெடி லைற் வரத் தாமதமாகும். எனலூப் போன்ற சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றரி இரண்டு செற் வைத்திருங்கள், இரண்டு செற்றையும் கலக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி விடுங்கள். கடற்காற்றுள்ள ஊரில் உள்ளே விட்ட பற்றரி கசிந்தால் தொடுமுனையில் பச்சை பிடிக்கும்.

கமராவைத் தொடும் நடுமுனை ஒன்றே ஒன்று என்பதால் பெரும்பாலான கனன், நிக்கொன் கமராக்களில் இதே பிளாஷ் அடிக்கும், நடுமுனை இல்லாத சில மலிவான கனன்களில் மட்டும் அடிக்காது. சொனிக்கென்று ரீரீ600எஸ் தனியாக இருக்கிறது. ரிகரோ கம்பனிக்குக் கம்பனி வேறு. கடையில் உங்கள் கமராவில் பூட்டி, பலத்தை 1/128க்கு இறக்கி, பிறகு 1/1க்கு ஏற்றி, இரண்டுக்கும் பிளாஷ் கேட்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.