ஃபண்டஸ் ஆன் ஃபோன்: சர்க்கரை நோய் கிளினிக்குக்கு வாங்கலாமா?

ஃபண்டஸ் ஆன் ஃபோன் என்பது விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, பெங்களூரு ரெமிடியோ நிறுவனத் தயாரிப்பு. முன்னால் ஒளியும் லென்ஸும், பின்னால் ஸ்மார்ட்ஃபோன் கேமரா. கையில் பிடித்தும் எடுக்கலாம், ஸ்லிட் லாம்ப்பில் (கண் மருத்துவர் கண்ணைப் பார்க்கும் மேசைக் கருவி) மாட்டியும் எடுக்கலாம். ஆடாமல் இருப்பதால் மாட்டி எடுக்கும் படமே தெளிவு. ஒரு படத்தில் 45 டிகிரி விழித்திரை விழும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு எடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாக வாங்கலாம். சொட்டு இல்லாமலே எடுக்கும் மாடலும் இருக்கிறது. ஆனால் பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு பாதிப்பால் இருட்டறையிலும் கண்மணி சரியாக விரியாது. படத்தின் ஓரம் கறுத்துவிடும். ட்ராபிகமைடும் ஃபெனைலெஃப்ரினும் கலந்த சொட்டை விட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். குறுகிய கோணக் கண்ணா (கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகலா) என்று முதலில் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் எகிறியிருப்பவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ட்ராபிகமைடு மட்டும் போதும். சொட்டு போட்டவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

சென்னையில் 301 பேரிடம் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வும் கண்மணியை விரித்துத்தான் நடந்தது. விழித்திரை பாதிப்பு உள்ளவர்களில் 92.7 சதவீதம் பேரை இது சரியாகப் பிடித்தது. பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் அந்த அளவு 87.9 சதவீதம். அதாவது, அப்படிப்பட்ட நூறு பேரில் சுமார் பன்னிரண்டு பேரை இது பிடிக்காமல் விட்டுவிடலாம். கண் மருத்துவரை இது மாற்றாது என்பதை நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு கண்ணுக்குக் குறைந்தது இரண்டு படம்: ஒன்று மேக்குலா (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் மையம்) நடுவில், இன்னொன்று பார்வை நரம்புத் தட்டு (பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம்) நடுவில். புது ரத்தக்குழாய்கள் தட்டின் மேலும் முளைக்கும் என்பதால் இரண்டாவதை விடாதீர்கள். பிறகு படத்தின் பச்சை நிறத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். சிவப்பில் கரைந்து கிடந்த மைக்ரோ அனூரிசம் (நுண் ரத்தக்குழாயின் சிறு புடைப்பு) கறுப்புப் புள்ளியாக எழுந்து நிற்கும். சிரை மணி கோத்ததுபோல் அங்கங்கே புடைத்திருந்தால் நோய் முற்றுகிறது, உடனே அனுப்புங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சாம்பல் பிறை தெரிந்தால் கேமரா கண்மணிக்கு நேராக இல்லை. படம் முழுக்க மங்கினால் கண்புரையாக இருக்கலாம், லென்ஸில் கைரேகையாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். ஆளுக்கு ஆள் அதே இடத்தில் அதே புள்ளி வந்தால் அது தூசி, ரத்தக்கசிவு அல்ல.

மேக்குலா வீக்கத்தை இது நேரடியாகக் காட்டாது, ஏனென்றால் தட்டைப் படத்தில் தடிமன் தெரியாது. மேக்குலா அருகே மஞ்சள் படிவு இருந்தால் ஓசிடி (விழித்திரையின் தடிமனைக் காட்டும் ஸ்கேன்) எடுக்க அனுப்புங்கள். தெளியாத படத்துக்கு ‘நார்மல்’ என்று எழுதாதீர்கள். அவரையும் கண் மருத்துவரிடமே அனுப்புங்கள்.