ஆங்கிலக் கட்டுரை திருத்த கூகுள் டொக்ஸ்: ஒரு ரியூஷன் ரீச்சரின் பார்வை

உப்புவெளியில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கொப்பி முழுக்கச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தால், பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடும். கூகுள் டொக்ஸுக்கு மாறியது அதனால்தான். இலவசம், போனிலும் எழுதலாம்.

இதில் கொமென்ட் வசதிக்கே நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். புறாத்தீவுக்குப் போனதைப் பற்றி ஒரு மாணவி, 'யெஸ்டர்டே வீ கோ பை போட்' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. முதல் சொல்லை மட்டும் தெரிவுசெய்து, "இது எப்ப நடந்தது மகள்?" என்று ஓரத்தில் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் 'கோ' 'வென்ட்' ஆனது. அடுத்த பந்தியில் நான் தொடாத 'சீ'யையும் (see) 'சோ' (saw) என்று மாற்றியிருந்தாள். அந்த இரண்டாவது திருத்தம்தான் படிப்பு.

எழுத்துக்குள்ளேயே திருத்தத்தைப் பரிந்துரையாகப் போடும் சஜெஸ்டிங் முறையை இந்த வயதுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். நாங்கள் போடும் திருத்தத்தைப் பிள்ளை ஒரே தட்டில் ஏற்றுக்கொண்டு போய்விடும். இலக்கணப் பிழைக்குத் தானாக வரும் நீலக்கோடும் அப்படித்தான். கணினியில் அதை நிறுத்தலாம். முதல் வரைவுக்கு நிறுத்தியே வையுங்கள்.

பழைய வரைவுகள் எல்லாம் வேர்ஷன் ஹிஸ்டரியில் திகதியோடு கிடக்கும். பெற்றோர் வந்தால் அதைத்தான் திறந்து காட்டுவேன். டேட்டா முடிந்த பிள்ளைகள் ஓஃப்லைனிலும் எழுதலாம், ஆனால் ஆவணத்தை முதலே அதற்கென்று குறித்துவைக்க வேண்டும். அப்புறம், பரீட்சை கையெழுத்தில்தானே? கடைசி வரைவைக் கொப்பியில் எழுத வைக்க மறக்காதீர்கள்.