7,200 ரூபாய் கட்டி வாங்கிய அறிவுரை: 'கல்யாணம் பண்ணிக்கோம்மா'

நேற்று ராத்திரிதான் அந்தக் கவுன்சலிங் ஆப்காரர்கள் என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடினார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், நான் ஆண். ஊர் மதுரை. ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு உதறும். ஓபி சீட்டில் இருக்கும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், நான் எழுந்திருப்பேன், மொத்த வரிசையும் என் கிராப்பையும் சட்டையையும் திரும்பிப் பார்க்கும். போன வருஷம் பல்வலியோடு போய், அந்தப் பார்வை தாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். (கிராம்பை வைத்தே ஒப்பேற்றினேன்.)

அதனால்தான் ஆன்லைன் கவுன்சலிங் ஆப். வானவில் படம் போட்டு, 'இங்கே யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்' என்று விளம்பரம். முதல் பத்து நிமிடம் இலவசம். பேசிய பெண் எடுத்ததுமே, "உங்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். சொன்னேன். அப்படியே கூப்பிட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. என் வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத பெயர் அது. அந்த ஈரத்திலேயே ஆறு அமர்வுக்கு 7,200 ரூபாயை ஜீபே பண்ணிவிட்டேன்.

பணம் போனதும் ஆள் மாறிவிட்டது. கேட்டால், "அவங்க சேர்க்கைக்கு மட்டும்தான் மேடம்." மேடமாம்!

புதிதாக வந்தவர் முதல் அமர்விலேயே, "சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்களாம்மா?" என்று தோண்டினார். இரண்டாவதில், "கல்யாணம் பண்ணிக்கோம்மா, எல்லாம் சரியாப் போயிடும். இன்னும் பன்னிரண்டு அமர்வு எடுத்தா மாத்திடலாம்" என்றார். பாலின அடையாளத்தை 'மாற்றும்' இந்த வேலைக்குத் தடை போட்டு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்றே உத்தரவிட்டிருக்கிறார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. அதைச் சொன்னதும் அந்த ஆள் பதறவே இல்லை. "நான் டாக்டர் இல்லையே, வெல்னஸ் கோச்" என்றார். சைக்காலஜிஸ்ட்கூட இல்லை!

அப்புறம் மூன்று வாரம் அலைக்கழிப்பு. சாட்டில் 'உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்'. போனில் 'தொடங்கிய பேக்கேஜுக்குப் பணம் திரும்பாது மேடம்'. கடைசியில் மீதி நான்கு அமர்வுக்கான தொகையை ஆப் வாலட்டில் போட்டார்கள். எதற்கு, அதே ஆளிடம் போய்ச் செலவழிக்கவா? 7,200 ரூபாய், ஐயா. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வாங்கும் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. மொத்தமாகக் கட்டாதீர்கள், ஒவ்வொரு அமர்வாகக் கட்டுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். இலவசத்தில் பேசியவரேதான் கடைசிவரை பேசுவாரா என்று முதலில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

இன்று காலை நானும் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். பெயர் கேட்டார்கள். பணம் கட்டிய வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறதோ, அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.