ஒரே மைதானம், இரண்டு பயிற்சியாளர்கள்: ஒருவர் தங்கினார், ஒருவர் கிளம்பினார்

2010 ஜனவரி 4. அரிசோனா மாநிலம் கிளென்டேலில் ஃபியஸ்டா பௌல், பருவ முடிவில் கல்லூரி அணிகள் மோதும் பெரிய "பௌல்" ஆட்டங்களில் ஒன்று. (நான் சொல்வது உதைபந்து அல்ல, முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) ஒரு பக்கம் ஐடஹோவின் பாய்சி ஸ்டேட், மறுபக்கம் டிசியூ, அதாவது டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். அந்தப் பருவத்தில் இரண்டுமே தோல்வியே காணாத அணிகள். கடைசிக் கால் பகுதி, 10-10 சமநிலை. பாய்சி தன் பாதியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, பந்தைத் தக்கவைக்க இன்னும் ஒன்பது கெஜம் வேண்டும், கையில் இருப்பது கடைசி வாய்ப்பு. பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவதுதான் வழக்கம். உதைக்க வந்தவரோ பந்தை எறிந்தார். 29 கெஜம். சற்று நேரத்தில் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து டச்டவுன். பாய்சி 17-10 என்று ஜெயித்தது.

அந்தத் துணிச்சலான முடிவை எடுத்த பாய்சியின் தலைமைப் பயிற்சியாளர் கிரிஸ் பீட்டர்சன். எதிரே நின்றவர் கேரி பேட்டர்சன். (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.) சின்னக் கல்லூரிகளால் நல்ல பயிற்சியாளரை ஏன் தக்கவைக்க முடிவதில்லை என்று யாராவது கேட்டால், நான் இந்த இருவரில் இருந்துதான் தொடங்குவேன். பீட்டர்சன் 2013 டிசம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பேட்டர்சன் 2021 வரை டிசியூவிலேயே இருந்தார். கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

"சம்பளம்தானே காரணம்?" என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. ஆனால் பீட்டர்சனைப் பணத்தாசைக்காரர் என்று சொல்வது அநியாயம். பாய்சியில் எட்டு பருவங்கள், 92 வெற்றி, 12 தோல்வி. பெரிய கல்லூரி எங்கே வேலை காலியானாலும் அவர் பெயர் அடிபடும், அவர் அசையமாட்டார். அவருக்கு முன்னால் இருந்த டான் ஹாக்கின்ஸ் ஐந்து பருவங்களில் கொலராடோவுக்குப் போனார். அதற்கும் முந்தைய டர்க் கெட்டர் மூன்றே பருவங்களில் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார். அவர்களோடு பார்த்தால் பீட்டர்சன் நெடுங்காலம் நின்றவர்.

பாய்சியால் அவருக்குக் கொடுக்க முடியாதது ஒன்றுதான்: தோற்றால் எழுந்து நிற்க ஒரு வாய்ப்பு. 2009 பருவத்தில் பதினான்கு ஆட்டத்தையும் வென்றும், தேசியக் கோப்பைக்கான ஆட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நெவாடாவிடம் கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றார்கள். வெறும் 26 கெஜத்தில் இருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனதில் கைக்கு வந்த வெற்றி நழுவியது. அந்த ஒரே தோல்வியால் பெரிய பௌல் கைவிட்டுப் போக, லாஸ் வேகஸில் ஒரு சின்ன பௌல்தான் மிஞ்சியது. பெரிய கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அணி ஓர் ஆட்டத்தில் சறுக்கினால் அடுத்த சில வாரங்களில் சரிசெய்துகொள்ளலாம். சின்ன அணிக்கு ஒரு சறுக்கலோடு பருவமே முடிந்தது. இப்படி எட்டு வருடம் கத்திமேல் நடந்த ஒருவர் வேறு இடம் தேடினால் அவரை எப்படிக் குறை சொல்வது? வாஷிங்டனில் மூன்றாவது பருவத்திலேயே, 2016ல், தேசியக் கோப்பைக்கான நான்கு அணிகளின் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்.

டிசியூ பக்கம் பாருங்கள். அங்கேயும் 2000த்தில் இதே கதைதான்: டெனிஸ் ஃபிராஞ்சியோனி அலபாமாவுக்குப் போனார், தடுப்பாட்டத்தைக் கவனித்த பேட்டர்சன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் 2012ல் டிசியூவே பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட்டது. பெரிய வேலையைத் தேடி பேட்டர்சன் ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்கவில்லை, வேலையே வீடு தேடி வந்தது. கல்லூரி இருப்பது ஃபோர்ட் வொர்த்தில், டாலஸின் பெரிய தொலைக்காட்சிச் சந்தைக்குள். நன்கொடையாளர்கள் 164 மில்லியன் டாலர் கொடுத்து மைதானத்தைப் புதுப்பித்தார்கள். ஐடஹோவில் நீலப் புல்தரையில் ஆடும் பாய்சிக்கு அந்த ஊர்பலம் கிடையாது. ஆகவே "டிசியூ மாதிரி செய்யுங்கள்" என்று சின்னக் கல்லூரிகளுக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. பூகோளத்தை யாரும் காப்பி அடிக்க முடியாது.

சரி, மற்றவர்களுக்கு என்ன வழி? முதலில் எல்லோரும் நாடுவது ஒப்பந்தம்: சம்பளத்தைக் கூட்டு, நடுவில் போனால் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று எழுது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆளைப் பிடித்துவைக்க அந்தக் கயிறு போதாது, போன பிறகு கொஞ்சம் பணம் வரும், அவ்வளவுதான். 2015ல் பன்னிரண்டு ஆட்டத்திலும் தோற்ற சென்ட்ரல் ஃபுளோரிடாவை ஸ்காட் ஃபிராஸ்ட் இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கினார். அவர் படித்து ஆடிய நெப்ராஸ்கா ஏழு வருடத்துக்கு 35 மில்லியன் டாலரோடு கூப்பிட்டது. எந்த ஷரத்து அதைத் தடுக்கும்?

வெஸ்டர்ன் மிஷிகனில் நடந்தது இன்னும் மனசைப் பிசையும். 2013ல் 1-11 என்று தொடங்கிய பி.ஜே. ஃபிளெக், 2016ல் வழக்கமான பருவத்தையும் கான்ஃபரன்ஸ் கோப்பையையும் தோற்காமலே முடித்தார். கைக்குழந்தையாய் இருந்த மகனைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்து அவர் எடுத்த வாசகம் "படகைத் துடுப்புப் போடு". ஊரே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. 2017 ஜனவரியில் மினசோட்டாவுக்குப் போனார். வாசகத்தின் வணிக உரிமை கல்லூரியிடம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் உதவித்தொகைக்குக் கொடுப்பதாகப் பேசி, அதையும் கூடவே கொண்டுபோனார். அவருக்குத்தான் அந்த வாசகம் சொந்தம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நேற்றுவரை அதைக் கத்திக்கொண்டிருந்த மாணவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு வழி, போகும் அவசரமில்லாத ஆளைப் பிடிப்பது. நெப்ராஸ்காவில் 58 வெற்றி, 19 தோல்வி என்று இருந்தும் நீக்கப்பட்ட ஃபிராங்க் சோலிச், 2005ல் ஓஹையோ பல்கலைக்கழகத்துக்கு வந்து பதினாறு பருவங்கள் இருந்தார். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஒருவர் சந்தையில் கிடைப்பது அதிர்ஷ்டம். மண்ணின் மைந்தனை வைத்தால் போகமாட்டார் என்பதும் நம்பக்கூடியதல்ல: பாய்சியிலேயே பிறந்து, பாய்சிக்கே ஆடிய பிரையன் ஹார்சின் 2020ல் ஆபர்னுக்குப் போனார்.

ரொம்பச் சின்ன இடங்களில் இந்தச் சிக்கலே இல்லாமல் போவதும் உண்டு. மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸில் ஜான் காக்லியார்டி 1953 முதல் 2012 வரை இருந்தார், அதற்கு முன் வேறு கல்லூரியில் பெற்றதையும் சேர்த்து மொத்தம் 489 வெற்றி. பயிற்சியில் இடித்து வீழ்த்துவது கிடையாது, விசில் கிடையாது, "கோச்" என்று கூப்பிடவும் விடமாட்டார், ஜான் என்றால் போதும். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவு அது. அதனால் அடி வாங்குவது நடுவில் நிற்கும் கல்லூரிகள்தான்: பெரிய இடத்தின் கண்ணில் படும் அளவுக்கு ஜெயிப்பார்கள், ஈடுகொடுக்கும் அளவுக்குக் காசு இருக்காது. இப்போது பயிற்சியாளரோடு வீரர்களும் கிளம்புகிறார்கள். ஜேம்ஸ் மேடிசனில் இருந்து கர்ட் சிக்னெட்டி 2023 முடிவில் இண்டியானாவுக்குப் போனபோது, பழைய வீரர்கள் பதின்மூன்று பேர் அவர் பின்னால் போனார்கள்.

அப்புறம், எஃப்சிஎஸ் என்ற இரண்டாம் அடுக்கில் கோப்பைகளைக் குவித்த, ஃபார்கோ நகரின் நார்த் டகோட்டா ஸ்டேட். என்னைக் கேட்டால் மற்ற கல்லூரிகள் பார்த்துப் படிக்கவேண்டிய இடம் ஃபார்கோதான். ஆளைப் பிடித்துவைக்க அவர்கள் மல்லுக்கட்டுவதில்லை, அடுத்த ஆளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். கிரெய்க் போல் வயோமிங் வேலையை ஒப்புக்கொண்ட பிறகும் இருந்து 2013 பருவத்தின் கோப்பையை, தொடர்ந்து மூன்றாவதாக, வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரிஸ் கிளீமன் பொறுப்பேற்று ஐந்து பருவங்களில் நான்கு கோப்பை வென்றார். அவரும் கான்சஸ் ஸ்டேட்டுக்குச் சரி சொன்ன பிறகுதான் கடைசிக் கோப்பையைத் தூக்கினார். அடுத்து வந்த மேட் என்ட்ஸும் தடுப்பாட்டப் பயிற்சியாளர்தான், இரண்டு கோப்பை. அவர் 2023 முடிவில் கலிஃபோர்னியாவின் பெரிய கல்லூரியான யுஎஸ்சிக்குப் போனது தலைமைப் பதவிக்குக்கூட அல்ல, லைன்பேக்கர் என்ற தடுப்பு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உதவியாளராக. பெரிய கல்லூரியின் இழுப்பு அவ்வளவு.

ஃபார்கோவில் முன்பு உதவியாளராக இருந்து வெளியே போயிருந்த டிம் போலசெக்கைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 2025 ஜனவரியில், தன் முதல் பருவத்திலேயே, மொன்டானா ஸ்டேட்டை 35-32 என்று வென்று பத்தாவது எஃப்சிஎஸ் கோப்பையைக் கொண்டுவந்தார்.