தலைமையாசிரியர் அறைக்குச் சில பொருட்கள்: பிள்ளைகள் கைக்கு எது தாங்கும்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. தலைமையாசிரியரே பாடமும் எடுக்க வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும், கைப்பேசிச் செயலியில் வருகையும் ஏற்ற வேண்டும். அதனால் மணி அடிப்பது, வருகைக் கணக்கைத் திரட்டுவது, சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவது எல்லாம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வந்துவிடுகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் அலுவலகச் சாமான்கள் பெரியவர்கள் உயரத்துக்கும் கைக்கும் செய்தவை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் எது நிற்கும், எது ஒரு மாதத்தில் அலமாரி மேலே ஏறும் என்பதுதான் கேள்வி.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால் வருகைப் பலகையை வாங்குங்கள். மூன்றுக்கு இரண்டு அடி வெள்ளைப் பலகை போதும். கட்டம் அச்சிட்டு விற்பதைத் தொட வேண்டாம். அதில் நமக்கு வேண்டிய தலைப்புகள் இருக்காது. வெறும் பலகை வாங்கி, மெல்லிய ஒட்டுநாடாவால் நீங்களே கோடு போடுங்கள். நிரந்தர மார்க்கரால் போட்ட கோடு நிலைக்காது. அதன் மேல் பலகை மார்க்கர் பட்டு, துணியால் துடைக்கும்போது கோடும் சேர்ந்தே போய்விடும். (தவறி யாராவது நிரந்தர மார்க்கரால் எழுதிவிட்டால் இதே தந்திரம் கைகொடுக்கும்: அதன் மேலேயே பலகை மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் இரண்டும் போகும்.)

வகுப்பு, பதிவு, ஆண், பெண், வருகை, முட்டை என்று ஆறு பத்திகள். காலை உணவு முதல் மணிக்கு முன்பே முடிந்துவிடுவதால் அதற்குத் தனிக் கட்டம் வேண்டியதில்லை. ஐந்து வகுப்புக்கு ஐந்து வரிசை, அடியில் மொத்தம். இந்தப் பலகையின் பலமே அது தவறைத் தானாகக் காட்டிக்கொடுப்பதில்தான் இருக்கிறது. இந்த வயதில் அடிக்கடி வரும் பிழை இலக்கம் புரள்வது. மூன்றாம் வகுப்பில் ஆண் 11, பெண் 14, வருகை 25 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை அதை 52 என்று எழுதிவிட்டால் குறுக்கே கூட்டும்போதே இடிக்கும். அதே வரிசையில் பதிவே 28தான் என்பதும் இடிக்கும். யாரும் கவனிக்காமல் அது சமையலறைக்குப் போனால் 27 பேருக்குக் கூடுதலாக அரிசி விழும். தொடக்க வகுப்புக்கு ஆளுக்கு 100 கிராம் என்பதால் 2.7 கிலோ. இதே புரட்டல் எதிர்ப்பக்கம் நடந்தால் 27 பேருக்குத் தட்டு காலி. அதனால் பிள்ளைகள் கூட்டிய கணக்கைத் தலைமையாசிரியர் ஒரு பார்வை பார்த்த பிறகே சத்துணவு அமைப்பாளரிடம் போக வேண்டும்.

முட்டைப் பத்தியில் இன்னொரு கண்ணி உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எனவே முட்டை எண்ணிக்கை வருகைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கலாம், ஒருநாளும் அதிகமாக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அமைப்பாளரிடமே வாதாடும்.

பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல் வரிசை அப்போது 135 செ.மீ.க்குள் வரும், ஸ்டூல் போட வேண்டாம். மார்க்கரைப் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் மை ஒரு முனைக்கு இறங்கிவிடும். மூடி தொலைவதுதான் மார்க்கரின் சாவு, அதற்கு மருந்தில்லை. சுண்ணத் தூசு படக்கூடிய கணினி அறையில் இல்லையென்றால் பழைய கரும்பலகையே போதும். சுண்ணக்கட்டிக்கு மூடி கிடையாது.

அடுத்தது மணி. மின்மணிக்கு நாங்கள் மதிப்பெண் போட மாட்டோம். மின்சாரம் போனால் ஊமை. பிள்ளை பொத்தானில் விரலை வைத்தால் எடுக்க மனம் வராது. நேரம் குறித்துத் தானே அடிக்கும் வகை இன்னும் மோசம், கடிகாரம் பார்க்கும் வேலையையே பறித்துவிடுகிறது. எட்டு அங்குல வெண்கலத் தட்டு மணியும் ஒரு மரக் கொட்டாப்புளியும் போதும். இரும்புக் கம்பியால் அடிக்க விடாதீர்கள்: வெண்கலம் வளையாது, விரிசல் விடும், விரிசல் விட்ட மணி ஓட்டைப் பானைச் சத்தம்தான் போடும். இரும்பால்தான் அடிப்போம் என்றால் பழைய தண்டவாளத் துண்டே மேல், அதை யாராலும் உடைக்க முடியாது.

தட்டு சுவரில் உரசினால் ஒலி அடங்கிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொக்கி போட்டு, நடுப்பகுதி பிள்ளையின் தோள் உயரத்துக்கு வரும்படி தொங்கவிடுங்கள். எட்டாத உயரத்தில் இருந்தால் எம்பி அடிப்பார்கள், அடி விளிம்பில் வழுக்கும். கயிறு தேய்வது தட்டின் துளை அருகேதான். அறுந்தால் கால்மேல் விழும். சின்னச் சங்கிலி போட்டுவிடுங்கள். பக்கத்தில் மாட்டும் கடிகாரத்தில் 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் இருக்கட்டும்; ரோமன் எண் அழகுக்குத்தான். எந்த மணிக்கு முள் எங்கே நிற்கும் என்று சின்னச் சின்னக் கடிகாரப் படமாக வரைந்து கீழே ஒட்டினால், முதல் மணிக்கும் நீண்ட மணிக்கும் குழப்பம் வராது.

சுற்றறிக்கைக்குத் தனிப் பொருளே வேண்டாம். கிளிப் வைத்த பரீட்சை அட்டை, கயிற்றில் கட்டிய பேனா, ஆசிரியர் பெயர்ப் பட்டியல் ஒட்டிய நோட்டு. வழக்கமாக நடக்கும் கோளாறு, ஏதோ ஒரு வகுப்பு மேசையிலேயே நோட்டு தங்கிவிடுவது. கையெழுத்து வாங்காமல் வெளியே வரக்கூடாது என்று பிள்ளைக்கும், வந்த உடனே போட்டுவிடுங்கள் என்று ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். இரண்டாவது கொஞ்சம் கடினம். பிள்ளைகளின் ஆதார் எண், சாதிச் சான்று, உதவித்தொகைப் பட்டியல் உள்ள தாள் எதுவும் இந்த அட்டையில் ஏறக்கூடாது.

தேதி முத்திரை வேண்டாம். மைப்பஞ்சு கோடையில் காய்ந்து போகும். தானாக மை தோயும் வகையில் தேதியைத் திருப்பும் சக்கரம் பொடிசு, பிள்ளைகள் ரப்பரையே பிடித்துத் திருப்புவார்கள், மாலையில் சட்டைப் பையைப் பார்த்தால் தெரியும். பள்ளி முத்திரையை எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது.

ஊக்கு வைத்த பேட்ஜ் சீருடையைக் கிழிக்கும், விரலிலும் ஏறும். வெல்க்ரோ ஒட்டும் துணிப்பட்டையைக் கையில் கட்டுவது மேல். பட்டை கட்டிய பிள்ளையைத் தேநீர் வாங்க அனுப்புகிற பள்ளிகளும் உண்டு. தேநீர் வாங்கவும் கழிப்பறை கழுவவும் பிள்ளைகளை அனுப்புவது பொறுப்பு கொடுப்பதில் சேராது. அதற்கு எந்தப் பட்டையையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கடைசியாக, ஒரு டஜன் துணிக் கிளிப். யாருக்கு எந்த வேலை என்பதை வருகைப் பலகையின் ஓரத்தில் இதைக் கொண்டு மாட்டலாம். ஒரு வேலைக்கு இரண்டு பேர், ஐந்தாம் வகுப்பில் ஒருவர், நான்காம் வகுப்பில் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை மாற்றம். வரிசை வருகைப் பதிவேட்டுப்படியே போகட்டும். ஆசிரியர் தேர்ந்தெடுத்தால் முன் பெஞ்சுப் பிள்ளைகளே வருடம் முழுக்க மணி அடிப்பார்கள். மரக் கிளிப்பில் கம்பிச்சுருள் நழுவும், பிளாஸ்டிக் வெயில் படும் இடத்தில் நொறுங்கும். அறைக்குள்ளே என்றால் பிளாஸ்டிக்கே எடுங்கள். பெயரைக் கிளிப்பின் மேல் எழுதாமல் சின்ன அட்டையில் எழுதிச் செருகினால், ஜூனில் புது வகுப்பு வரும்போது அட்டையை மட்டும் மாற்றினால் போதும்.