உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் குறியீடு: சரக்கு அனுப்புபவருக்கு எவ்வளவு உதவும்?

புதிய நாடு ஒன்றுக்குச் சரக்கு அனுப்பத் திட்டமிடும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது, உலக வங்கி இணையத்தில் இலவசமாகத் தரும் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து ஏற்பாடுகள்) செயல்திறன் குறியீட்டைத்தான். 2007-இல் தொடங்கிய இதன் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, சுங்கம், உள்கட்டமைப்பு, காலந்தவறாமை உள்ளிட்ட ஆறு கூறுகளில் 139 நாடுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்குகிறது. மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிட வேண்டாம். துறைமுகம் நன்றாக இருந்தும் சுங்கத்தில் சறுக்கும் நாடும், சாலை மோசமாக இருந்தும் சொன்ன நாளில் சரக்கைச் சேர்க்கும் நாடும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்கக்கூடும்.

இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சரக்குத் துறையினரிடம் எடுக்கும் கருத்துக் கணிப்போடு நிற்காமல் கண்டெய்னர்களின் உண்மையான நகர்வையும் கணக்கிட்டிருப்பதுதான். புறப்படும் துறைமுகத்துக்குள் நுழைவது முதல், சேரும் துறைமுகத்தை விட்டு வெளியேறுவது வரை ஒரு கண்டெய்னருக்குச் சராசரியாக 44 நாட்கள் ஆகின்றன, திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக முன்பின் விலகும் அளவு, 10.5 நாட்கள். என் கணக்கில் வணிகத்தை அரிப்பது அந்த 44 அன்று, இந்த 10.5 தான். 44 நாட்கள் என்பது உறுதியானால் அதற்கேற்ப முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடலாம். பத்து நாள் முன்பின் ஆகும் என்றால் கிடங்கில் கூடுதல் இருப்பு வைத்து, அதில் முடங்கும் பணத்துக்கு வட்டியும் கட்டி, அவ்வளவையும் விலையில் ஏற்றித்தான் விற்க வேண்டும். அண்டை நாட்டுச் சரக்கு எப்போது வரும் என்ற உறுதி இல்லாதபோது, அங்கே கிடைக்கும் பொருளையே தொலைதூர நாட்டிலிருந்து வாங்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரைவழி எல்லைகளில்தான் குறியீடு கைவிட்டுவிடுகிறது. கடல் இல்லாத உகாண்டாவின் சரக்கு பெரும்பாலும் கென்யாவின் மொம்பாசா துறைமுகம் வழியாகவே வருகிறது. வழியில் நேரும் தாமதம் உகாண்டாவின் மதிப்பெண்ணிலும் படிந்துவிடும். சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில், 2009 முதல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் அமர்ந்திருப்பதால், லாரி ஒருமுறை நின்றாலே இரு தரப்புச் சோதனையும் முடிந்துவிடும். அந்த நல்ல ஏற்பாடும் நாட்டுச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. பேக்கிங் லிஸ்டில் (சரக்கோடு செல்லும் மூட்டை விவரப் பட்டியலில்) மூட்டை எண்ணிக்கை ஒன்று பிசகியதற்காக லாரியை வரிசையிலிருந்து ஒதுக்கி, தார்ப்பாயை அவிழ்த்து, எல்லா மூட்டைகளையும் இறக்கி எண்ணிக் காட்டி மறுபடி ஏற்றுவதில் கழியும் ஒரு பகலும் இதில் தனியாகத் தெரியாது.

எந்த நாடு என்று முடிவெடுக்க இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எந்த வழி என்பதற்கு, அந்த எல்லையில் கடந்த மூன்று மாதங்களில் ஒரு லாரி அதிகபட்சம் எத்தனை நாள் நின்றது என்று உங்கள் சரக்கு முகவரிடம் கேளுங்கள். சராசரியை மட்டும் சொன்னால் விடாதீர்கள்.